தவறணையைக் காப்பாற்றுங்கோ, போத்தல் தன்பாட்டைப் பார்க்கும்

இங்கிலாந்துக்காரருக்கு நடை ஒரு விடுமுறை. காலையில் ஓர் ஊரில் கிளம்பி, வயலும் குன்றும் தாண்டி, மத்தியானம் வழியில் வருகிற பப்பில் ஏறி, அந்த வட்டாரத்தில் காய்ச்சி அந்தப் பப்பின் நிலவறைப் பீப்பாயிலேயே பதம் வந்த ஏல் பியரை ஒரு கிளாஸ் வாங்கிக் குடிப்பார்கள். மறுபடி நடப்பார்கள். பொழுதுபடும்போது இன்னோர் ஊர், இன்னொரு பப், இன்னொரு ருசி. பயணக் கட்டுரைகளும் வழிகாட்டி நூல்களும் இதை ஒரு பண்பாடாகவே எழுதி வைத்திருக்கின்றன. உடுப்பிட்டியில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவருக்கு ஒன்று உறைக்க வேண்டும்: இதற்கு வேண்டிய எல்லாமே வடமராட்சியில் இருக்கிறது. ஊர்கள் கிட்டக்கிட்ட. உடுப்பிட்டியிலிருந்து வல்வெட்டித்துறைக் கடற்கரைக்கு ஒரு மணித்தியாலம்கூட நடக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் நெல்லியடி, கரவெட்டி. இன்னொரு பக்கம் தொண்டைமானாறு, செல்வச்சந்நிதி. கரையைப் பிடித்துக் கிழக்கே போனால் பொலிகண்டி, திக்கம், பருத்தித்துறை. வழிநெடுகப் பனை, பனை நிற்கிற இடத்தில் கள்ளு விற்கிற தவறணை. ஆனால் ஒருவர் வந்து, “தவறணை தவறணையாக நடந்துபோய்க் கள்ளு ருசி பார்த்தேன்” என்று சொன்னால் நாங்கள் அவருக்காகப் பரிதாபப்படுவோம். அவர் வீட்டுக்காரிக்காக இன்னும் கூடப் பரிதாபப்படுவோம்.

இந்தப் பரிதாபம் முழுக்க நியாயமற்றது என்று நான் சொல்லவரவில்லை. அதற்குப் பின்னால் உண்மையான குடும்பங்களின் உண்மையான துன்பம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பனங்கள்ளைக் காப்பாற்றுவது பற்றி இப்போது பேசுகிறவர்கள் எல்லாரும் போத்தலைப் பற்றித்தான் பேசுகிறார்கள்: எப்படி அடைப்பது, எத்தனை மாதம் கெடாமல் வைப்பது, லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் எப்படி அனுப்புவது. என் பார்வையில் இது தலைகீழான அக்கறை. பனங்கள்ளு ஓர் இடத்துக்கும் ஒரு பொழுதுக்கும் உரிய பானம். மரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், இறக்கிய சில மணித்தியாலத்துக்குள் குடித்தால்தான் அது பனங்கள்ளு. ஆகவே காப்பாற்ற வேண்டியது தவறணையை. அதாவது, தவறணையை நாலு பேர் கூச்சமில்லாமல் வந்து இருக்கக்கூடிய இடமாக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு மரத்திலிருந்தே தொடங்க வேண்டும். பாளையைக் கட்டி, இதமாக நசித்துப் பழக்கி, அதன் நுனியை ஒவ்வொரு முறையும் பாளைக்கத்தியால் மெல்லிசாகச் சீவிவிட்டால் சாறு சொட்டத் தொடங்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பநீர்; அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையென்றால் கள்ளு. நூற்றுக்குப் பத்துக்கு மேல் சீனி கரைந்திருக்கும் சாறு அது. யாழ்ப்பாணத்து வெயிலில், மரத்தின் உச்சியில், திறந்த முட்டிக்குள் அது சும்மா இருக்குமா? காற்றிலும் பாளையிலும் முட்டியின் சுவரிலும் இருக்கிற ஈஸ்டுகளும் பக்டீரியாக்களும் முதல் சொட்டிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடும். ஈஸ்ட் மட்டுமல்ல, சைமோமோனாஸ் என்ற பக்டீரியாவும் சீனியை மதுவாக்கும். லக்டிக் அமில பக்டீரியாக்கள் இன்னொரு பக்கம் புளிப்பைச் சேர்க்கும். சீவல்காரர் இறங்கும்போதே அது பாதி வழி வந்துவிட்டிருக்கும். காலையில் இனிப்பு முன்னுக்கு நிற்கும், உச்சிப்பொழுதில் இனிப்பும் புளிப்பும் சரிசமம், பின்னேரம் வெறி ஏறியிருக்கும், அடுத்த நாள் வினாகிரியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஒரே முட்டிக்குள் ஒரு நாளில் நாலு பானம்.

இதற்குமேல் ஊர் வேறுபாடு. ஆண் பனையா பெண் பனையா, பாளையின் வயசு என்ன, மணல் நிலமா செம்பாட்டு நிலமா, முட்டியை எப்படிக் கழுவுகிறார்கள், முந்திய நாள் வண்டலில் எவ்வளவு மிச்சம் விட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால், இரண்டு தவறணைகளின் கள்ளு ஒரே மாதிரி இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். முட்டியில் ஒட்டியிருக்கும் அந்த வண்டல்தான் அந்த ஊரின் நுண்ணுயிர்க் கூட்டம்; யாரும் பெயர் வைக்காத, யாரும் எழுதிவைக்காத ஒரு வளர்ப்பு. பழக்கப்பட்ட குடிகாரர், “அவன்ரை கள்ளு நல்லது, இவன்ரை கள்ளு தலையிடி” என்று சொல்லும்போது அதில் பாதி வீம்பு என்றாலும் மீதிப் பாதி நுண்ணுயிரியல். இந்த வேறுபாட்டை அறிய ஒரே வழி ஊருக்கு ஊர் போவதுதான். கள்ளு தன்பாட்டில் பயணம் செய்யாது. குடிக்கிறவர்தான் பயணம் செய்ய வேண்டும். அதுவும் பருவத்தில். தை, மாசியில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வெயிலில் உச்சத்துக்கு வந்து, ஆடி ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும்போது பனங்கள்ளு ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் தென்னங்கள்ளைக் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கிலாந்துக் கதையை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் அவர்களைப் பார்த்து நாங்கள் செய்ய வேண்டும் என்பதல்ல; அவர்களும் இதே சிக்கலில் மாட்டினார்கள் என்பது. பீப்பாய் ஏல் வடிகட்டாதது, சூடாக்கிக் கொல்லாதது. பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் பீப்பாய்க்குள் அது நொதித்துக்கொண்டே இருக்கும். பதினொன்றிலிருந்து பதின்மூன்று பாகை வரை குளிர்ச்சியில் வைத்து, வண்டல் அடியில் படியவிட்டு, எந்த நாள் திறப்பது என்று பப்காரர்தான் தீர்மானிக்க வேண்டும். திறந்தால் மூன்று நாளுக்குள் விற்று முடிக்க வேண்டும். பெரிய கம்பனிகளுக்கு இது தலையிடி. 1960களில் அவர்கள் வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றி, எங்கே குடித்தாலும் ஒரே ருசி தருகிற கெக் பியரைத் தள்ளத் தொடங்கினார்கள். இதற்கு எதிராக 1971இல் நாலு இளைஞர்கள் அயர்லாந்தின் கெரி மாவட்டத்தில் ஒரு குடிமனையில் இருந்து கதைத்துத் தொடங்கியதுதான் காம்ரா என்ற இயக்கம். அது செய்த வேலைகளில் என்னைக் கவர்ந்தது 1974இலிருந்து அவர்கள் போட்ட வழிகாட்டி நூல். பெயருக்கு அது பியர் வழிகாட்டி. உள்ளே இருந்தது பப்புகளின் பட்டியல். எந்த ஊரில் எந்த வீட்டில் பீப்பாயை ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள் என்பதுதான் செய்தி. பானம் தப்ப வேண்டுமானால் அதைப் பராமரிக்கத் தெரிந்த இடம் தப்ப வேண்டும் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். முழு வெற்றி என்று சொல்லமுடியாது, பப்புகள் அங்கேயும் மூடப்பட்டுக்கொண்டுதான் வருகின்றன. ஆனாலும் பீப்பாய் ஏல் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை.

போத்தல் கட்சிக்காரர் இங்கே குறுக்கிடுவார்: “கதை வடிவு. சீவல் தொழிலாளிக்குச் சோறு போடுவது எது?” நியாயமான கேள்வி. பருவ உச்சத்தில் இறங்குகிற கள்ளு முழுவதையும் தவறணைகளால் விற்க முடியாது. மிஞ்சியது ஒன்றில் போத்தலுக்குப் போக வேண்டும், அல்லது திக்கம் வடிசாலை போன்ற இடத்துக்குப் போய்ச் சாராயமாக வேண்டும், இல்லையென்றால் நிலத்தில் ஊற்ற வேண்டும். அதனால் போத்தலை ஒழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கோ. பல ஊர்க் கள்ளு ஒரே தாங்கியில் கலக்கப்படுகிறது. ஊர் வேறுபாடு அங்கேயே முடிந்தது. பிறகு சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொல்கிறார்கள். பொழுது வேறுபாடும் முடிந்தது. மிஞ்சுவது புளித்த வாசமுள்ள, கொஞ்சம் காய்ச்சின ருசியுள்ள ஒரு திரவம். ரொறன்ரோவில் பனியைப் பார்த்துக்கொண்டு அதைத் திறக்கிறவருக்கு அது ஊர் நினைப்பைத் தரலாம். அந்த நினைப்புக்கு விலை கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எங்கள் கொள்கையும் முதலும் பயிற்சியும் எல்லாம் அந்தத் திரவத்தை நோக்கியே போனால், இரண்டு தலைமுறையில் நல்ல கள்ளு எது என்று சொல்லத் தெரிந்த நாக்கே இந்த ஊரில் இருக்காது. பிறகு போத்தலின் தரத்தை யார் கேட்கப்போகிறார்கள்? நல்ல தவறணை இருந்தால்தான் நல்ல போத்தலுக்கும் ஓர் அளவுகோல் இருக்கும்.

அடுத்தது பெரிய மறுப்பு: குடி. வடக்கில் குடி ஏற்கெனவே வீடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது, இதில் தவறணைக்கு வக்காலத்தா என்று கேட்பவர்களுக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்து பின்னர் உடுப்பிட்டியிலும் கல்லூரி வைத்த அமெரிக்க மிஷன்காரர் மதுவிலக்கைப் போதித்தார்கள். அவர்களோடு மற்ற எல்லாவற்றிலும் மல்லுக்கட்டிய ஆறுமுக நாவலரும் பாலபாடத்தில் கள்ளுண்ணலைப் பாதகமாகவே வைத்தார். இரண்டு தரப்பும் ஒத்துப்போன அரிய விடயம் இது. (அதே தமிழில் அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துண்ட கதையும் இருக்கிறது. ஆளுக்கொரு மேற்கோள் எடுத்து எறிந்து விளையாடுவதில் பயனில்லை என்பதற்காகத்தான் அதைச் சொன்னேன்.) கள்ளு உடம்புக்கு மருந்து, சூடு தணிக்கும், அதில் விற்றமின் இருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதில் இருப்பது பியரில் இருக்கிற அளவு மது. ஈரலுக்குப் பனை தெரியாது, பார்லி தெரியாது.

ஆனால் கள்ளை ஒழித்தால் குடி குறையும் என்ற நம்பிக்கையைத் தமிழ்நாடு பரிசோதித்துப் பார்த்துவிட்டது. அங்கே 1987 ஜனவரியில் கள்ளு தடைசெய்யப்பட்டது. தடை இன்றும் இருக்கிறது. 2003இலிருந்து அரசின் டாஸ்மாக் கடைகளே சில்லறையில் பிராந்தியும் ரம்மும் விற்கின்றன. பனையை மாநில மரமாக வைத்துக்கொண்டு, அதில் ஏறிக் கள்ளு இறக்கினால் குற்றம். ஆலைச் சரக்குக்கு அரசே கடை. குடித்தவர்கள் குடியை விடவில்லை, பானத்தை மாற்றிக்கொண்டார்கள், அதுவும் எட்டு ஒன்பது மடங்கு வெறியம் கூடின பானத்துக்கு. எங்கள் பக்கத்திலும் தவறணைக்குப் போட்டி பால் அல்ல. ஒரு பக்கம் வைன் ஸ்ரோர் சாராயமும் கடும் பியரும், இன்னொரு பக்கம் ஒழுங்கையில் விற்கிற கசிப்பு. இவற்றை வாங்கிப் பொக்கற்றில் வைக்கலாம், தலையணைக்குக் கீழ் வைக்கலாம், நடுச்சாமத்தில் எடுக்கலாம். கள்ளு அப்படி இருந்துகொடுக்காது. அது வந்த நேரத்தில் வந்து, கெடுகிற நேரத்தில் கெட்டுவிடும். இந்தக் கெட்டுப்போகும் குணம் ஓர் இயற்கையான கடிவாளம் என்பது என் எண்ணம். கள்ளிலும் அளவில்லாமல் குடித்து அழிந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை. தவறணையைப் பூட்டினால் அவர்கள் போகிற அடுத்த கதவு எது என்பதுதான் கேள்வி.

எனக்கு உண்மையில் கனமாகத் தெரிகிற மறுப்பு வேறு. சாதி. பனை ஏறுவது யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிலாக மட்டும் இருக்கவில்லை. பிறப்பால் கட்டிவைக்கப்பட்ட தொழிலாக இருந்தது. ஏறியவருடைய கள்ளை எல்லாச் சாதி வீட்டு ஆண்களும் குடித்தார்கள். அதே ஆள் நெல்லியடியிலோ சங்கானையிலோ தேநீர்க்கடைக்குப் போனால் அவருக்குக் கிளாஸ் இல்லை. போத்தல், பேணி, சிரட்டை. அவர் கையால் இறக்கியது உள்ளே போகலாம், அவர் உள்ளே வரக்கூடாது. இந்த அசிங்கத்தை உடைக்க 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது, அடி வாங்க வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லி நிற்க வேண்டியிருந்தது. தேநீர்க்கடைகளுக்குள் போக வடமராட்சியிலும் மோத வேண்டியிருந்தது. சாதிக் கொடுமையை எழுதிய கே. டானியலின் நாவல்களை வாசித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே, “பிளாவில் கள்ளு, பனை நிழல், பழைய காலம்” என்று வடிவாக எழுதுகிறவரை அந்தச் சமூகத்தில் பிறந்த ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தால் அவர் பார்ப்பது சரி. அந்தப் பிளாவைக்கூட நான் கொஞ்சம் யோசித்துத்தான் பார்க்கிறேன். குடித்ததும் எறிகிற ஓலைக் கோப்பை சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று இன்று புகழ்கிறோம். அன்று அது வேறொரு வசதியையும் தந்தது: யாருடைய பாத்திரத்திலும் யாரும் வாய் வைக்கத் தேவையில்லை.

இருந்தும் நான் தவறணைப் பக்கம் நிற்பது இந்தக் காரணத்துக்காகவே. மரவரி கட்டிச் சீவிய பழைய முறை போய், 1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் தவறணைகளும் வந்தன. சீவுகிறவர் அங்கத்தவர், தவறணை சங்கத்தினுடையது. குறைகள் ஆயிரம் இருக்கலாம், அரசியல் புகுந்திருக்கலாம், போர் இடையில் வந்து பனையைப் பதுங்குகுழிக்குத் தறித்திருக்கலாம். ஆனாலும் குடிக்கிறவர் சீவுகிறவரின் இடத்துக்குப் போய், சீவுகிறவரின் கூட்டமைப்புக்குக் காசு கொடுக்கிற ஏற்பாடு அது. போத்தலில் அந்த மனிதர் மறைந்துபோவார். லேபலில் ஒரு பனை மரம் இருக்கும், மரத்தில் ஆள் இருக்காது. வெட்கத்தை வைத்துக்கொண்டு பின்கதவால் போய்க் குடித்துவிட்டு வருகிற பழக்கம் சாதிக்குத்தான் உதவியது. முன்கதவால் போய், “இண்டைக்கு ஆர் சீவினது அண்ணை? எத்தனை மணிக்கு இறக்கினது?” என்று கேட்டு, நல்லதென்றால் நல்லதென்று முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கம் அதற்கு உதவாது. இங்கிலாந்தில் நிலவறை பராமரிப்பவருக்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு, பயிற்சி, பரிசு எல்லாம் இருக்கிறது. இங்கே தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு நாளுக்கு இரண்டு மூன்று தடவை உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவரின் கைத்திறனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? அவருடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டோம் என்பதில் அதிசயமில்லை. வரச்சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. கூலியும் காப்புறுதியும் மதிப்பும் சேர்ந்தால், எந்தச் சாதியில் பிறந்தவரும் விரும்பி வரலாம். அப்படி ஒரு நாள் வராவிட்டால் கள்ளு ஒழிந்துபோகட்டும் என்றுகூட நான் சொல்வேன்.

சுத்தம், கலப்படம் பற்றிய பயத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதற்கான பதில் மரத்துக்கும் கடைக்கும் இடையிலான தூரத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடைகள் கப்பையும் மீன்கறியும் வைத்து நல்ல பெயர் எடுத்தவை; குடும்பமாகச் சாப்பிடப் போகிற கடைகளும் உண்டு. ஆனால் அந்தக் கடைகளில் பலவற்றுக்குக் கள்ளு பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து லொறியில் போகிறது. தூரம் கூடும்போது புளிப்பை மறைக்கவும் அளவைக் கூட்டவும் ஆசை வரும். கலப்படம் அங்கேதான் நுழையும். தவறணைக்கு எதிரே நிற்கிற மரத்துக் கள்ளில் தண்ணீரும் சீனியும் கலந்தால், தினமும் வருகிற நாக்குக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். எங்கள் தவறணைகளில் குறைவது கழுவ ஒழுங்கான தண்ணீர், இருக்க ஒழுங்கான வாங்கு, பெண்கள் முகம் சுளிக்காமல் கடந்துபோகக்கூடிய வாசல். இவை விஞ்ஞானம் அல்ல, செலவு.

பெண்கள் என்றதும் கடைசி முட்டுக்கட்டை வந்துவிடுகிறது. இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற பல பத்தாண்டுப் பழைய விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சு நீக்கியது; சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி அதைத் திருப்பிக் கொண்டுவரச் செய்தார். நட்சத்திர ஹொட்டல்களில் இந்த விதியை யார் பார்க்கிறார்கள்? தவறணையில்தான் அது முழு உயிரோடு இருக்கும். ஆண்கள் மட்டும் ஒதுங்குகிற இடம் ஒதுக்குப்புறமாகவே இருந்துவிடும். பப்பைப் பப்பாக வைத்திருப்பது அங்கே கிழவியும் பேரப்பிள்ளையும் சாப்பிட வருவதுதான். சட்டம் மாறும்வரை சங்கங்கள் ஒன்று செய்யலாம். தவறணைக்குப் பக்கத்தில், அதோடு ஒட்டாமல், இன்னொரு கொட்டில் போட்டுக் காலையில் சுண்ணாம்பு முட்டிக் கருப்பநீர் விற்கலாம், பிளாவிலேயே. கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவில் அப்பம் சுடலாம். பின்னேரம் ஒடியல் கூழ் காய்ச்சலாம். செல்வச்சந்நிதிக்கு நடந்துபோகிற அடியார்களுக்கும், வல்லைவெளியைத் தாண்டிச் சைக்கிளில் வருகிற வெள்ளைக்காரருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கும் அந்தக் கொட்டிலில் வாங்க ஏதாவது இருக்கும். இரண்டு கொட்டிலுக்கும் ஒரே மரம், ஒரே சீவல்காரர், ஒரே கணக்குப் புத்தகம். வாசலில் ஒரு கரும்பலகையும் வேண்டும்: இறக்கிய நேரம், மரம் நிற்கிற காணி, அவர் சம்மதித்தால் சீவியவரின் பெயர்.